கீழ்த்தளத்துக்கு ஒரு சிபாரிசு

செர்பியாவில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மூன்று லிஃப்ட் இருக்கிறது. ஒழுங்காக ஓடுவது ஒன்றுதான், சவக்கிடங்குக்குப் போவது. மற்ற இரண்டிலும் ஏறுகிறவர்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு ஏறுவார்கள். இதில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கீழே போய்க் கதவு திறந்தால் இடது பக்கம் சவக்கிடங்கு, வலது பக்கம் துணி வெளுக்கும் அறை, இரண்டுக்கும் நடுவில் பத்தாலஜி, அதாவது வெட்டி எடுத்த சதையைச் சோதிக்கும் அறை. அந்த நடு அறையில்தான் எனக்கு வேலை வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

காரணம் அம்மாவின் இடது மார்பு. நான் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தபோது அதில் ஒரு கட்டி வந்தது. அறுவை டாக்டர் கோய்க்கோ வெட்டி எடுத்தார். முடிவு வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா தன் சவப்பெட்டிக்கு வேண்டிய உடுப்பையெல்லாம் எடுத்து இஸ்திரி போட்டு, காலுறை உட்பட மடித்துத் தயாராக வைத்தாள். வியன்னாவுக்கு லாரி ஓட்டும் அப்பா எல்லை தாண்டும்போதெல்லாம் ஃபோன் செய்து, ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விடுவார். கடைசியில் கோய்க்கோ ஒரு தாளோடு வெளியே வந்து "வெறும் கட்டிதான்" என்றார். அம்மா அவர் கையில் முத்தமிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுப் பன்றிக்குட்டியைச் சுட்டு அவர் வீட்டுக்கு அனுப்பினாள்.

நான் அந்தத் தாளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். அது கோய்க்கோவின் கையெழுத்து இல்லை. லிஃப்டில் ஏறிக் கீழே போனேன். 'புகைபிடிக்கக் கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு குட்டையான பெண்மணி புகைபிடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் டாக்டர் பிசெர்கா.

"எந்தக் கட்டி? ஓ, அதுவா," என்றார். "நல்லா வளந்த கட்டி. அழகு. பாக்குறியா?"

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு பூவேலை. மேலே ஒரு வாரமாக எங்கள் வீட்டையே அழ வைத்த சமாசாரம், இங்கே ஒரு கண்ணாடித் துண்டில் சாதுவாகப் படுத்திருந்தது. அதைப் பார்த்து அது சாது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பெண்மணி. அன்றோடு வேறெந்த மருத்துவமும் எனக்கு ருசிக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், பன்றிக்குட்டி தப்பான வீட்டுக்குப் போய்விட்டதே என்று வருந்துவாள்.

படிப்பு முடிந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் ஜெர்மனிக்குப் போனார்கள், மீதிப் பேர் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் படித்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. டிசம்பர் ஆரம்பத்தில் பிசெர்கா ஃபோன் செய்தார்.

"பொண்ணே, இடம் போட்டுட்டாங்க. பத்தாலஜி சிறப்புப் பயிற்சிக்கு ஒரே ஒரு டாக்டர். எத்தனையோ வருஷமா நான் கத்துனதுக்கு இப்பத்தான் காது கேட்டிருக்கு. எவனும் விண்ணப்பிக்க மாட்டான். நீ பேப்பரைக் கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இரு."

பேப்பரைக் கொடுத்தேன். வாயையும் மூடிக்கொண்டேன், ஒரே ஒரு ஆளிடம் தவிர. அந்த ஒரு ஆள் என் அம்மா ஸ்லாவ்கா.

"யாரைப் பிடிச்சே?" இதுதான் அவள் முதல் கேள்வி.

"யாரையும் பிடிக்கலம்மா. யாருமே கேக்காத இடம் அது."

"யாரையும் பிடிக்காம வேலை கிடைக்குமாடி? தபால் பையைத் தூக்கற வேலைக்கே பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டு ஆட்டை அறுத்தான்."

"இது பத்தாலஜி. இதுக்கு எவனும் கோழி கூட அறுக்க மாட்டான்."

"அப்போ முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்கன்னு அர்த்தம்," என்றாள் அம்மா. "யாரும் போட்டிக்கு வரலைன்னா, ஆளை ஏற்கெனவே உள்ள வெச்சாச்சுன்னு அர்த்தம். உனக்கு உலகம் தெரியல. கிடைக்கலைன்னா நீ ஜெர்மனிக்குப் போயிடுவே. அப்புறம் உன்னை நான் ஃபோன் கண்ணாடியிலதான் பாக்கணும்."

அவளுக்கு நான் பத்தாலஜிக்குப் போவதில் துளியும் இஷ்டமில்லை. குழந்தை மருத்துவம் என்றால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். ஆனால் ஜெர்மனியைவிடச் சவக்கிடங்கு பக்கத்தில் இருக்கிறது, பஸ்ஸில் நாலு நிறுத்தம். அதனால் வெலிமிரிடம் போனாள்.

வெலிமிர் எங்களுக்குக் கூம். அதாவது அப்பா கல்யாணத்தில் சாட்சி நின்றவர். செர்பியாவில் கூடப் பிறந்தவனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம், கூமின் வார்த்தையை மட்டும் தட்ட முடியாது. இவர் பழைய ஃபுட்பால் நடுவர். ஒரு காலத்தில் ஊர் அணிக்கு அவர் கொடுத்த ஒரு பெனால்டியால்தான் மிர்ச்செட்டா என்பவர் அணித் தலைவராகி, பிறகு ஊரின் ஆளுங்கட்சிச் செயலாளரும் ஆனார். அந்த நன்றிக்கடனை வெலிமிர் இத்தனை வருடமாகத் தொடாமல் வைத்திருந்தார். தன் மகளின் வேலைக்குக்கூட அதைச் செலவு செய்யவில்லை. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். வெலிமிர் அதை எதற்கு எடுப்பார் என்று மதுக்கடையில் பந்தயம் கட்டியவர்களும் உண்டு.

எடுத்தார், புனித நிக்கோலா நாளில். அன்று வெலிமிர் வீட்டுக் குலப் புனிதரின் திருநாள். இந்த விருந்துக்கு யாரையும் கூப்பிடுவதில்லை; கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள், ஊரில் பாதி வந்துவிடும். நோன்பு என்பதால் மீன்தான். அது டான்யூபிலிருந்து வந்த பெரிய கெண்டை. ஆனால் சீமை மாதுளைச் சாராயத்துக்கு நோன்பு கிடையாது. மூன்றாவது சுற்றில் வெலிமிர் எழுந்து மிர்ச்செட்டாவின் தோளில் கையைப் போட்டார். மைதானத்தில் கோட்டைத் தாண்டி நின்றவனை அதட்டிய அதே குரலில், சாப்பாட்டு அறை முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"மிர்ச்செட்டா! அந்தப் பெனால்டி ஞாபகம் இருக்கா?"

மிர்ச்செட்டாவின் கரண்டி மீன் முள்ளோடு நின்றது.

"இருக்கு வெலிமிர்."

"இன்னிக்குத் திருப்பிக் கொடு. நம்ம டுன்யாவுக்கு ஆஸ்பத்திரியில பத்தாலஜி இடம் வேணும்."

நான் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அங்கே ஏற்கெனவே பூனை இருந்தது. அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டாள். மிர்ச்செட்டா "அவ்வளவுதானா?" என்று கேட்டார். பிறகு வெலிமிரை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில்தான் என் வினை தொடங்கியது. ஒரு பெனால்டியையே செலவழித்து வாங்குகிறான் என்றால் அந்த இடத்தில் என்னவோ இருக்கிறது என்றது அந்தப் பார்வை.

என்ன இருக்கிறது என்பதை ஊரே சேர்ந்து கண்டுபிடித்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கம்ப்யூட்டர் வழியாகச் சதைப் படங்கள் வருமாம், வீட்டில் செருப்போடு உட்கார்ந்து பார்த்துச் சொன்னால் யூரோவில் சம்பளமாம். ஐரோப்பியக் காசில் புதுக் கட்டடம் வருகிறதாம். ராத்திரி வேலை கிடையாது, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கிடையாது, செத்தவன் யாரும் புகார் கொடுத்ததில்லை. கடைசி மூன்றும் உண்மைதான், ஆனால் என் வாழ்நாளில் அதுவரை யாருக்கும் அது தோன்றியதில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் வருவதற்குள் என்னோடு சேர்த்து ஏழு பேர் விண்ணப்பித்துவிட்டார்கள். மிர்ச்செட்டாவின் மருமகனே ஒருவன். பாதிரியாரின் மருமகள் ஒருத்தி. ஒக்னியென் கூட. அவன் என் வகுப்பில் படித்தவன், ஊரின் பெரிய கசாப்புத் தொழிற்சாலை முதலாளியின் மகன், முதல் பிண அறுவையில் கத்தி படுவதற்கு முன்பே மயங்கி விழுந்து, பிணத்துக்குப் போட்டிருந்த விளக்கை உடைத்தவன்.

எங்கள் பக்கத்தில் டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அரைக் கிலோ காபிப் பொட்டலம், ஒரு புட்டி சாராயம், வசதியானவர்கள் என்றால் புகையில் வாட்டிய பன்றித் தொடை. இதயநோய் டாக்டர் வீட்டில் காபிப் பொட்டலங்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். பத்தாலஜிக்கு மட்டும் இந்த வழக்கம் எட்டவில்லை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் துண்டுகளாக ஜாடியில் வருகிறார்கள். முழுதாக வருகிறவர்களும் கையில் எதுவும் கொண்டுவருவதில்லை. அப்படியிருக்க ஒரு திங்கட்கிழமை காலை பிசெர்காவின் கதவடியில் ஒரு காபிப் பொட்டலம் இருந்தது. அவர் பயந்துபோய், யாருடைய முடிவையாவது தவறாக எழுதிவிட்டோமோ என்று அந்த மாதத்துக் கண்ணாடித் துண்டுகளையெல்லாம் மறுபடி பார்த்தாராம். செவ்வாயன்று நாலு பொட்டலம். புதனன்று என்னைக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்து. இது என்ன?"

சிறுநீரகங்களும் குடல்வால்களும் இருக்கும் அலமாரியில், ஜாடிகளுக்கு நடுவே காபியும் புட்டிகளும் ஒரு முழுப் பன்றித் தொடையும் இருந்தன.

"காபி," என்றேன்.

"காபின்னு தெரியுது, அதுக்கு மைக்ராஸ்கோப் வேண்டாம். வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்னேனா இல்லையா?"

"அம்மாகிட்ட மட்டும்தான் டாக்டர் சொன்னேன்."

"அம்மாகிட்ட மட்டும்! அதுக்கு சர்ச் மணியை அடிச்சிருக்கலாமே." சிகரெட்டை ஒரு பழைய கிண்ணத்தில் நசுக்கினார். அது எதற்கான கிண்ணம் என்று நான் கேட்கவில்லை. "நம்ம இயக்குநர் ஜிவோயின் காலையில வந்தாரு. எலும்பு டாக்டர், ஆனா அவருக்குன்னு ஒரு முதுகெலும்பு கிடையாது. ஏழு பேரு, ஏழு பேருக்கும் பின்னாடி ஒரு பெரிய மனுஷன். ஒருத்தரை எடுத்தா ஆறு பேருக்குக் கோபம். அதனால என்ன பண்ணப் போறாரு தெரியுமா? இடத்தையே ரத்து பண்ணப் போறாரு. யாருக்கும் இல்லைன்னா யாருக்கும் கோபம் இல்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து."

"மறுபடி எப்ப போடுவாங்க?"

"மறுபடியா? என் வயசைப் பாரு. நான் போனா இந்த அறையைப் பூட்டிடுவாங்க. ஊர்க்கட்டியெல்லாம் பெல்கிரேடுக்குப் போய் வரிசையில நிக்கும். உங்கம்மா ஒரு வாரம் காத்திருந்தா. இனிமே வர்றவங்க மாசக்கணக்குல காத்திருக்கட்டும்." அவர் என்னைப் பார்க்காமல் கூரையடியில் இருந்த சிறு ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "நீ ஜெர்மனிக்கே போ. அங்க நல்ல மைக்ராஸ்கோப்பெல்லாம் இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படிச் சொன்னதுதான் வலித்தது. வீட்டுக்கு நடந்தே போனேன், வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு.

அம்மா சமையலறையில் முட்டைக்கோஸ் இலையில் கறியை உருட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"அப்போ இன்னும் பெரிய ஆளாப் பிடிக்கணும். கூமுக்கு ஒரு அமைச்சரோட டிரைவரைத் தெரியும்."

அப்போதுதான் எனக்குத் தலைக்கேறியது. "போதும்மா! உன்னோட ஆள் பிடிக்கற வேலையாலதான் என் பொழைப்பு போச்சு. உன் கட்டியைப் பாத்தது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"ஏன் தெரியாம? டாக்டர் கோய்க்கோ."

"கோய்க்கோ வெட்டினாரு. வெட்டி ஒரு ஜாடியில போட்டுக் கீழ அனுப்பிட்டு மீன் பிடிக்கப் போயிட்டாரு. பாத்தது அந்தக் கீழ்த்தளத்துப் பொம்பளை. நீ சாக மாட்டேங்கறது உலகத்துலயே முதல்ல தெரிஞ்சுது அவங்களுக்குத்தான். அதுக்கப்புறம்தான் கோய்க்கோவுக்கு, அப்புறம்தான் உனக்கு. அந்த நாற்காலியில உக்காரத்தான் நான் ஆசைப்பட்டேன். அதுவும் போச்சு."

அம்மாவின் கை இலைமேல் நின்றது.

"அப்போ அந்தப் பன்னிக்குட்டி?" என்றாள்.

"தப்பான வீட்டுக்குப் போச்சு."

அவள் பாதி உருட்டிய இலையை அப்படியே வைத்தாள். கை கழுவினாள், ஏப்ரனைக் கழற்றினாள், நல்ல கோட்டை எடுத்து மாட்டினாள். "கிளம்பு, ஸ்னேஜா பார்லருக்குப் போறோம். நீ வாயே திறக்காதே. மூஞ்சி இப்ப எப்படி இருக்கோ அப்படியே வெச்சுக்கோ."

ஸ்னேஜாவின் பியூட்டி பார்லரில் பண்டிகைக்கு முந்தின வாரம் இடமே கிடைக்காது. நகராட்சிக்காரர்களின் மனைவிகள் எல்லாம் தலையில் சாயத்தோடும் காகிதத்தோடும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிர்ச்செட்டாவின் மனைவி உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையை விட்டிருந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்னேஜா துண்டைப் போட்டதும் அம்மா அழ ஆரம்பித்தாள்.

"ஐயோ, ஸ்லாவ்காக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. உனக்கு யாராவது பெரிய ஆளைத் தெரியுமா? டுன்யா பேரை அந்தப் பத்தாலஜி விண்ணப்பத்துலேர்ந்து எடுக்கணும்."

"எடுக்கணுமா? வாங்கறதுக்குத்தானே உங்க கூம் அந்தப் பெனால்டியையே..."

"அப்போ எங்களுக்குத் தெரியாது. இப்போ தெரிஞ்சுபோச்சு."

"என்னக்கா தெரிஞ்சுபோச்சு?"

"சொல்லக் கூடாது."

உலர்த்தும் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மிர்ச்செட்டாவின் மனைவி ஈரத்தலையை வெளியே எடுத்தாள்.

"எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு," என்று அம்மா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "கழுத்துல ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கிட்டு, சின்னப் பிள்ளைங்க நடுவுல சிரிச்சுக்கிட்டு நிப்பான்னு நெனச்சேன். ஜன்னல் கூட ஒழுங்கா இல்லாத குழியில, ஒரு பக்கம் பொணம், ஒரு பக்கம் அழுக்குத் துணி, நடுவுல என் பொண்ணு. இதுக்கா பெத்தேன்? யாராவது காப்பாத்துங்க. நாங்க கேட்டா இப்போ விட மாட்டேங்கறாங்க."

மூக்கு சிவந்து, தோள் குலுங்கி, உதடு கோணிப்போய் அழுதாள். அம்மா நடிப்பாள் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று தெரியாது. ஸ்னேஜாவே அழுதுவிட்டாள். என் மூஞ்சியைப் பார்த்த பாதிரியாரின் மனைவி என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். அம்மா சாயத்துக்குக் காசு வாங்கச் சொல்லிக் கெஞ்சியும் ஸ்னேஜா வாங்கவில்லை.

வெலிமிரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"கொடுத்த பெனால்டியைத் திருப்பி வாங்கற நடுவரை எங்கயாவது பாத்திருக்கியா ஸ்லாவ்கா?" என்று மீசை துடிக்கக் கேட்டார்.

"உங்களுக்கு ரெண்டு பன்னிக்குட்டி," என்றாள் அம்மா.

வெலிமிர் தொப்பியை எடுத்துக்கொண்டு கட்சி அலுவலகத்துக்குப் போனார். "மிர்ச்செட்டா, நான் கேட்டதை மறந்துடு. எங்க பொண்ணை அதுலேர்ந்து எப்படியாவது வெளிய எடு. இன்னொரு உதவியா வெச்சுக்கோ," என்றாராம். கேட்ட உதவியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் மனிதனை மிர்ச்செட்டா தன் அரசியல் வாழ்க்கையில் அதுவரை பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே மருமகனை வீட்டுக்கு அழைத்து விலகச் சொன்னார்; அந்தப் பேப்பரில் தானே கை வைக்க அவருக்கும் பயம், அதனால் என் பேர் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அம்மா சொல்லாமல் விட்டதை ஊர் சொல்லிக்கொண்டது. சுவரில் ஏதோ பூஞ்சையாம், மூச்சில் போனால் மூளையைத் தின்னுமாம். சதையை ஊறப்போடும் அந்த ஃபார்மலின் வாடை பட்டால் பிள்ளை பிறக்காதாம். இல்லை இல்லை, அரசு வழக்குரைஞர் விசாரணைக்கு வருகிறாராம், பழைய பிணங்களையெல்லாம் தோண்டப் போகிறார்களாம், கடைசியாகக் கையெழுத்துப் போடுகிறவன் தலையில்தான் எல்லாம் விடியுமாம். பாதிரியாரின் மருமகள் பிள்ளைப்பேறு காரணமாக விலகினாள். மற்றவர்களுக்கு முதுகுவலி, படிப்பு, மனமாற்றம் என்று ஆளுக்கொன்று வந்தது.

ஒக்னியென் மட்டும் என்னை ரொட்டிக்கடை வாசலில் நிறுத்தினான்.

"டுன்யா, நாம ஒண்ணாப் படிச்சவங்க, அதனால சொல்றேன். விலகிடு."

"முடியலடா."

"மிரட்டுறாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"கடவுளே," என்றான். "எங்கப்பாகிட்ட சொல்லி அமைச்சரகத்துல பேசச் சொல்லட்டா?"

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். "இன்னும் மோசமாயிடும். நீ தப்பிச்சுக்கோ, அது போதும்."

அவன் கண் கலங்கியது. தான் வாங்கிய பாலாடைக்கட்டிப் பணியாரத்தை என் கையில் திணித்துவிட்டு வேகமாக நடந்தான். நல்ல பையன். பணியாரம் சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இயக்குநர் ஜிவோயின் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரே ஒரு விண்ணப்பம் இருந்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

"டாக்டர் டுன்யா, உண்மையைச் சொல்லு. உனக்கு இது வேணுமா?"

இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் தடுமாறினேன். வேணும் என்று குதித்தால் மறுபடி எவனாவது மோப்பம் பிடிப்பான். வேண்டாம் என்றால் அவர் கிழித்துப் போடுவார்.

"யாராவது ஒருத்தர் போகத்தானே வேணும், சார்," என்றேன்.

அவர் தன் மார்பில் கையை வைத்தார். என்னை எடுத்தால் யாருக்கும் கோபம் வராது, அவர் யாருக்கும் கடன்படவும் வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நியமனம் அவருக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. "தைரியமான பொண்ணு நீ," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே ஓடினேன். கீழே வாசலில் ஒக்னியென் அப்பாவின் தொழிற்சாலை ஆள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். மகன் விலகிவிட்டதால் பன்றித் தொடையைத் திருப்பி வாங்கிவரச் சொன்னார்களாம்.

"அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி," என்று பிசெர்கா உள்ளிருந்து கேட்டார். "பேர் எழுதாம வெச்சிருந்தாங்க. யாரோட தொடையோன்னு ஃபார்மலின்ல போட்டுட்டேனே. எடுத்துட்டு வரட்டா?"

அவன் போன பிறகு நாங்கள் அலமாரியிலேயே பத்திரமாக இருந்த அந்தத் தொடையை மெலிதாக வெட்டிச் சாப்பிட்டோம். திசு வெட்டும் கத்தியால் பன்றி இறைச்சி எவ்வளவு அழகாக வருகிறது என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

ஜனவரியில் வேலையில் சேர்ந்தேன். முதல் நாள் மதியம் லிஃப்ட் கதவு திறந்தது. பிணவண்டி என்று நினைத்தேன், வந்தது அம்மா. நல்ல கோட்டு, பார்லர் தலை, ஒரு கையில் அரைக் கிலோ காபி, இன்னொரு கையில் துணி சுற்றிய பெரிய தட்டு. சுட்ட பன்றித்தோலின் வாசனை ஃபார்மலின் வாடையை அடித்து விரட்டியது. இடது பக்கம் திரும்பாமல், மூச்சை அடக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள்.

பிசெர்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "பொண்ணுக்குத்தான் இடம் கிடைச்சாச்சே, இன்னும் எதுக்கும்மா இதெல்லாம்?"

"இது பொண்ணுக்கில்ல," என்றாள் அம்மா. "எனக்கு. ரொம்ப வருஷம் தாமதம், தப்பா நெனச்சுக்காதீங்க. வேற வீட்டுக்குப் போயிடுச்சு."

பிசெர்கா சிகரெட்டைத் தேடினார், அது வாயிலேயே இருந்தது. பிறகு பின்னால் இருந்த இழுப்பறைகளிடம் போய், ஒன்றை இழுத்து, விரலால் தள்ளித் தள்ளி ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"பாருங்க. இதுதான் நீங்க."

அம்மா கோட்டோடு குனிந்தாள். முதலில் தன் கண்ணிமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திருகைச் சரிசெய்தேன். வெகுநேரம் நிமிரவில்லை.

"நம்ம ஹால்ல கிடக்கற மேசைவிரிப்பு மாதிரி இருக்கு," என்றாள். "இவ்வளவு அழகா இருக்கறதுக்கா நான் சாவுத்துணியை இஸ்திரி போட்டேன்?"

"அது உங்களுக்குத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரிஞ்சுது." அம்மா நிமிர்ந்து கண்ணைத் துடைத்தாள். அந்த மூக்கையும் அந்தக் கோணிய உதட்டையும் நான் எங்கேயோ பார்த்திருந்தேன். "டாக்டரம்மா, அன்னிக்குப் பார்லர்ல நான் நடிக்கல. இவ இந்தக் குழிக்குள்ள வர்றாளேன்னு நிஜமாவேதான் அழுதேன். இன்னிக்கும் எனக்கு ஆறல. அந்த ஜன்னலை மூடுங்க, காத்து நேரா இவ முதுகுல அடிக்குது."

"மூடினா வாடையில ரெண்டு பேரும் செத்துடுவோம்."

"அப்போ ஒரு சால்வையாவது போட்டுக்கச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டா."

ஜெர்மனியைத் தடுக்கத்தான் அவள் ஆள் பிடித்தாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தனக்குப் பிடிக்காத ஒன்றை எனக்காக வாங்கித் தர, தன் நிஜ அழுகையைக் கொண்டுபோய் ஊர் நடுவில் செலவழித்திருக்கிறாள்.

பிசெர்கா முதுகைத் திருப்பிக்கொண்டு காபி போட்டார். தூளில் பாதி குடல்வால் ஜாடியின் மூடிமேல் கொட்டியது. இந்த ஊரில் பாதிப் பேரை உள்ளே பார்த்தவர் அவர். அவரைப் பார்க்கவென்று தன் காலால் நடந்து வந்த முதல் நோயாளி என் அம்மா.

"என்னடி வேடிக்கை பாக்கறே?" என்று என்னை அதட்டினார், திரும்பாமலே. "அந்த ஓரத்து மேசையில காலையில வந்த மார்புக்கட்டி இருக்கு. மேல யாரோ சாப்பிடாம உக்காந்திருப்பாங்க. போய்ப் பாரு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா தன் கழுத்துத் துணியை எடுத்து என் தோளில் போட்டாள்.